இரவுக் கிடைக்காவலுக்குப் போகிற நாய்க்கு எத்தனை மணிக்குச் சோறு வைக்கலாம்?

கரிசல்காட்டுக் கிடை:

வணக்கம். விளாத்திகுளம் பக்கம் கிடை போடுகிறோம், அதாவது எருவுக்காக ராத்திரி ஆடுகளைப் புஞ்சையில் அடைத்து வைக்கிற வேலை. வேம்பூர் ஆடு 140 உருப்படி. மாசியில் அறுப்பு முடிந்தால் ஆடி வரைக்கும் யார் கூப்பிடுகிறார்களோ அவர்கள் புஞ்சையில்தான் ராத்தங்கல். காவலுக்கு இரண்டு நாய்கள். ஒன்று மந்தை நாய், கிடை வாசலில் படுத்திருந்து சத்தம் கேட்டால் எழுந்து குரைக்கும். அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

மற்றது கன்னி என்கிற வேட்டை நாய்ச் சாதி. மயிலி என்று பெயர், நாலு வயது, 19 கிலோ. இவள் உட்கார மாட்டாள். ராத்திரி 9 மணிக்கு அவிழ்த்துவிட்டால் விடிகிற வரைக்கும் கிடையைச் சுற்றுவாள். நரியோ தெருநாய்க் கூட்டமோ வந்தால் ஓடை தாண்டி விரட்டிவிட்டுத்தான் திரும்புவாள்.

அம்மா ராத்திரி 8 மணிக்கு ஒரே வேளையாகக் கம்மஞ்சோறும் கோழிக்கால் வேகவைத்த தண்ணியும் வட்டில் நிறைய வைக்கும். இரண்டு வாரத்துக்கு முன்னால் பத்தரை மணிக்கு ஒரு நரியை விரட்டிவிட்டு வந்தவள், தின்ற அத்தனையும் அப்படியே கக்கிவிட்டாள். சரி, வயிறு நிறைந்ததால்தானே என்று மறுநாள் சோறே வைக்காமல் விட்டேன். இரண்டு மணிக்கு மேல் பின்னங்கால் நடுங்கித் தள்ளாடினாள். கூப்பிட்டால் என்னையே தெரியாதவள் மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

தாத்தா, “வேட்டை நாயைப் பட்டினி போட்டால்தான் கால் பறக்கும்” என்கிறார். அம்மாவுக்கு வாயில்லா ஜீவனைப் பட்டினி போட மனசு வரவில்லை. எத்தனை மணிக்கு, எவ்வளவு வைக்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அருப்புக்கோட்டைக்காரன்:

தம்பி, இருபது வருசமாக எட்டு மணிக்குச் சோறு வைத்துத்தான் அவிழ்க்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. பசியோடு விடாதே. ஆடு குட்டி போட்டால் நாய் முதலில் நஞ்சுக்கொடியைத் தின்னும், அப்புறம் குட்டியை மோந்து பார்க்கும். அந்த ருசி கண்ட நாயைக் கிடையில் வைக்க முடியாது.

சிவகங்கைக் கிடைக்காரர்:

அண்ணாச்சி சொல்வது மந்தை நாய்க்குப் பொருந்தும், கன்னிக்குப் பொருந்தாது. கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் நெஞ்சுக்கூடு ஆழமாக இறங்கி வயிறு ஒட்டிக் கிடக்கிற சாதி. அந்த உடம்பில் இரைப்பை நிறைய இரையோடு ஓடவிடுவதுதான் எனக்குப் பயம்.

என் ராஜபாளையம் ஏழு வயதில் போனது. அன்றைக்குக் கறிச்சோறு மிஞ்சியதென்று நான்தான் இரண்டு பங்கு வைத்தேன். அரை மணி நேரத்தில் பன்றி வந்துவிட்டது, இவனும் பாய்ந்துவிட்டான். திரும்பி வந்தவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நின்று நின்று ஓங்கரித்தான், நுரை மட்டும்தான் வந்தது. விலாவுக்குப் பின்னால் தட்டினால் தவில் மாதிரி சத்தம். செரிமானக் கோளாறு என்று நினைத்து ஓமத்தண்ணி ஊற்றினேன். விடியட்டும் என்று காத்திருந்ததுதான் தப்பு. இரைப்பையில் காற்று அடைத்து, பையே முறுக்கிக்கொண்டதாக டாக்டர் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. அதற்கு அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி, அதையும் சில மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராமல் வயிறு உப்பினால், எந்த நேரமானாலும் வண்டி பிடியுங்கள் தம்பி. மயிலி கக்கினாளே, அது நல்லதுக்குத்தான்.

இப்போது என் முறை வேறு. பெரிய சாப்பாடு விடியற்காலையில்தான். காவல் முடிந்து வந்ததும் கட்டிப்போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணி காட்டி, இரைப்பு அடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் தட்டு. நாள் முழுக்கத் தூங்கிச் செரிக்கட்டும். சாயந்திரம் நாலு மணிக்குக் கால் பங்கு, அதையும் கூழாகக் கரைத்து. ஒன்பதுக்கு அவிழ்த்தால் நடுவில் ஐந்து மணி நேரம் கிடைக்கிறது. ராத்திரியில் தண்ணிச் சட்டி எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் ஒரே மூச்சில் குடிக்க விடாதீர்கள்.

தாத்தா சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. அந்தக் காலத்தில் முயலுக்கு விட்ட நாய்க்கு மொத்த ஓட்டமே சில நிமிசம்தான். அதற்குக் காலி வயிறு சரி. இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டையே குற்றம். இப்போது அதே நாயிடம் எட்டு மணி நேரக் காவல் கேட்கிறோம், அதற்குப் பட்டினி ஆகாது.

கால்நடை மருத்துவர், மதுரை:

மேலே சொன்ன நேரக் கணக்கை நானும் ஒத்துக்கொள்கிறேன். கெட்டியான பெரிய சாப்பாடு நாயின் இரைப்பையை விட்டு இறங்க ஏழெட்டு மணி நேரம்கூட ஆகலாம். ஒரே வேளையாக நிறைய வைப்பதும், அவசரமாக விழுங்குவதும் முறுக்கத்துக்கான ஆபத்தைக் கூட்டும். அதனால் இரண்டு வேளையாகப் பிரிப்பது எப்படியும் நல்லது.

கால் நடுங்கி, ஆளையே தெரியாமல் பார்த்தாள் என்கிறீர்களே தம்பி, அது ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். ஓயாமல் ஓடுகிற வேட்டை நாய்களிடம் பார்ப்பதுதான். மறுபடி வந்தால் கருப்பட்டியைத் தண்ணீரில் குழைத்து ஈறில் தடவுங்கள். மயங்கிக் கிடந்தால் தொண்டைக்குள் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். தெளிந்தபின் கொஞ்சம் சாப்பாடு கொடுத்துக் கட்டிவிடுங்கள். அடிக்கடி வந்தால் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டி வாருங்கள், வேறு நோயும் காரணமாக இருக்கக்கூடும்.

இன்னொன்று. நீண்ட நேரம் ஓடுகிற நாய் பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் ஓடுகிறது. அலாஸ்காவில் 1,600 கிலோமீட்டர் வரை பனிச்சறுக்கு வண்டி இழுக்கிற நாய்களுக்குக் கொழுப்பு மிகுந்த தீனிதான். வெறும் கம்மஞ்சோறு மயிலிக்குப் போதாது. காலைத் தட்டில் முட்டை, வேகவைத்த ஈரல், கொஞ்சம் ஆட்டுக்கொழுப்பு சேருங்கள். சில வாரம் எடுத்து மெதுவாகக் கூட்டுங்கள், திடீரென்று கூட்டினால் பேதியாகும். நீர்க்கட்டி உள்ள ஆட்டு ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகப் போடவே கூடாது. நாய்க்குள் போய் நாடாப்புழுவாகி, அதன் முட்டை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வரைக்கும் வந்துவிடும். கோழிக்காலை வேகவைத்தால் எலும்பை எடுத்துவிட்டுச் சாறு மட்டும்.

கரிசல்காட்டுக் கிடை:

மூன்று வாரம் பார்த்துவிட்டு எழுதுகிறேன். டாக்டரம்மாவுக்கும் சிவகங்கை அண்ணனுக்கும் நன்றி. அண்ணன் அந்த நாயைப் பற்றி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து எட்டு மணிச் சோறு நின்றது.

இப்போது நாலு மணிக்குக் கம்பங்கூழில் ஒரு முட்டை. நடு ராத்திரி நான் சுற்றிப் பார்க்கப் போகும்போது உள்ளங்கை அளவு சோற்றில் துளிக் கருப்பட்டி. முழுச் சாப்பாடு காலை ஆறரைக்கு. முதல் நாலு நாள் எட்டு மணிக்கு வட்டில் பக்கம் போய் நின்று அம்மாவையே பார்த்தாள், அதுதான் கஷ்டமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டாள். கக்கவில்லை, நடுக்கமும் வரவில்லை. நேற்று மூன்று மணிக்குக்கூட ஓடை வரை விரட்டிவிட்டு நேராக வந்து நின்றாள்.

அருப்புக்கோட்டை அண்ணாச்சி, நீங்கள் சொன்னதையும் விடவில்லை. ஈனுகிற ஆட்டைத் தனியாகப் பட்டியில் அடைத்து, நஞ்சுக்கொடி விழுந்ததும் மண்வெட்டியால் ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்கிறேன். மயிலி அதையும் தோண்டப் பார்க்கிறாள். மேலே முள் போட்டு வைத்திருக்கிறேன். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.