பயோஸ் அப்டேட்டுக்குப் பிறகு வெளி மானிட்டர் காணாமல் போனவர்கள் உண்டா?

பனங்கிழங்கு:
லேப்டாப்பில் ஓடும் உபுண்டு லினக்ஸே ஃபர்ம்வேர் (பயோஸ்) அப்டேட் வந்திருக்கிறது என்று காட்டியது, சரி என்று கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் எச்டிஎம்ஐ மானிட்டரில் "சிக்னல் இல்லை". இணைந்த திரைகளைக் காட்டும் எக்ஸ்ராண்டர் கட்டளையில் பார்த்தால் லேப்டாப்பின் சொந்தத் திரை ஒன்றுதான்.

இன்னும் உறுத்துவது இதுதான். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்பெனி லோகோ அதே மானிட்டரில் பளிச்சென்று வந்தது. மூன்று, நான்கு விநாடி இருக்கும். உபுண்டு ஏறியதும் கறுத்துவிடும். அதைப் பார்த்த பிறகும் கடைக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் என்விடியா கிராஃபிக்ஸ் சிப்பின் மாட்யூலை (டிரைவரை) கையால் ஏற்றிப் பார்த்தேன். சாவி நிராகரிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. நம்பும் சாவியால் கையெழுத்திடாத டிரைவரை ஏற்ற விடாத செக்யூர் பூட்டை அப்டேட் ஆன் செய்துவிட்டிருக்கிறது! ஆஃப் செய்தேன், படம் வந்தது. அமைப்புகள் மாறும் என்று முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

மாடிவீடு:
என்னிடம் என்விடியாவே கிடையாது, இன்டெல் மட்டும். மானிட்டர், கீபோர்டு, சார்ஜ் எல்லாம் ஒரே கேபிளில் வரும் டைப்-சி டாக். அப்டேட்டுக்கு அப்புறம் சார்ஜ் ஏறுகிறது, டாக்கில் செருகிய கீபோர்டு ஓடுகிறது, படம் மட்டும் இல்லை. டிஸ்ப்ளே போர்ட்டின் ஸ்டேட்டஸ் கோப்பை நொடிக்கொரு தரம் படிக்க விட்டுவிட்டு, கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். டிஸ்கனெக்டட், டிஸ்கனெக்டட் என்று திரை முழுக்க ஓடியது. கடைசியில் ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்தேன். மறுபடி ஆன் செய்தால் மானிட்டர் வந்து நிற்கிறது.

வடக்குத்தெரு:
பனங்கிழங்கு, செக்யூர் பூட்டை ஆஃப் செய்து விடுவது தீர்வு ஆகாது. லோகோ வந்ததென்றால் கேபிளும் போர்ட்டும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம்; லோகோவைக் காட்டுவது ஃபர்ம்வேர், பிறகு வரும் படம் டிரைவருடைய வேலை. உங்கள் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ என்விடியா சிப்போடு இணைந்திருக்கும். அதன் மாட்யூலுக்குக் கையெழுத்திட்டு, சாவியை மோக் பட்டியலில் (நாமே சேர்க்கும் நம்பகமான சாவிகளின் பட்டியல்) பதிந்துகொள்ளுங்கள். பதியும்போது ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வரும், 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு பட்டனை அழுத்த வேண்டும், விட்டால் கடந்து போய்விடும். அப்டேட்டுக்கு முன்னால் பயோஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து வையுங்கள். கர்னலையும் (உபுண்டுவின் மையப் பகுதி) ஃபர்ம்வேரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது கெடுத்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. மாடிவீடு, டாக்குக்கும் தனி ஃபர்ம்வேர் உண்டு, அதையும் பாருங்கள். லேப்டாப்பை ஆஃப் செய்தாலும் உள்ளே பவர், சார்ஜ் போன்றவற்றைக் கவனிக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறு சிப் உயிரோடுதான் இருக்கும். பட்டனை அழுத்திப் பிடித்ததில் அது ரீசெட் ஆகியிருக்கும். எனக்கும் ஒரு முறை எச்டிஎம்ஐ போயிருக்கிறது, பயோஸில் கிராஃபிக்ஸ் மோடு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

ஆவாரம்பூ:
வடக்குத்தெரு, நான் சாவியை முறையாகப் பதிந்து வைத்திருந்தவள். அந்தச் சாவி இருப்பது மதர்போர்டின் நினைவகத்தில். அப்டேட் அதையும் துடைத்துவிட்டது. மறுநாள் காலை வகுப்பு, புரொஜெக்டரில் செருகுகிறேன், ஒன்றுமே இல்லை. நாற்பது பிள்ளைகள் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாக்பீஸ் எடுத்து எழுத ஆரம்பித்தேன். பனங்கிழங்கிடம் செக்யூர் பூட்டை ஏன் ஆஃப் செய்தாய் என்று கேட்காதீர்கள்.

பனங்கிழங்கு:
நன்றி அக்கா. இன்று ராத்திரி சாவியைப் பதிந்துவிட்டு, செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்து பார்க்கிறேன். பயோஸ் பக்கங்களைப் படம் பிடித்து வைத்தாயிற்று.