சேணத்தைக் கண்டாலே கடிக்க வந்த குதிரை

எங்கள் பெண் குதிரைக்கு 11 வயது. இரண்டு மாதமாகச் சேணத்தைக் கொண்டுபோனாலே காதை மடக்கிக்கொண்டு கடிக்க வந்தாள். இடது பக்கம் திருப்பினால் உடம்பை விறைத்துக்கொள்வாள். திமிர் என்று நினைத்து அதட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது. அவளுக்கு இருந்தது முதுகுவலி.

கால்நடை மருத்துவர் நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்த்தார். அப்புறம் குளம்பு, பல், எக்ஸ்ரே. முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா என்று பார்க்கத்தான் எக்ஸ்ரே. அப்படி ஒன்றும் இல்லை. சேணம்தான் தோள்பட்டைக்குப் பின்னால் அழுத்தியிருக்கிறது. அதை மாற்றியும் இறுக்கம் விடாததால், கைரோபிராக்டிக், அதாவது மூட்டுகளைக் கையால் அழுத்தி அசைவைச் சீராக்கும் முறை, பயின்ற இன்னொரு கால்நடை மருத்துவரிடம் அனுப்பினார்.

அரை டன் உடம்பைக் கையால் என்ன செய்துவிட முடியும் என்று எனக்குச் சந்தேகம். அவர் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று முதுகெலும்பை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். குதிரைக்கு விலா எலும்பு சேரும் பகுதியில் மட்டும் 18 முள்ளெலும்புகள். அசைவு குறைந்த இடத்தில் சட்டென்று ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவுதான். "எலும்பு விலகியதைத் திரும்ப உட்கார வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். மூட்டு சரியாக அசையவில்லை, அதைச் சுற்றித் தசை இறுகிக் கிடக்கிறது" என்றார். அவள் தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, பெரிய கொட்டாவி விட்டாள்.

அந்தத் தளர்வு நாலைந்து நாளில் குறைய ஆரம்பித்தது. நிலைத்து நின்றது அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியால்தான். கேரட்டைக் காட்டி மூக்கை விலாப்பக்கமும் முன்னங்கால்களுக்கு நடுவேயும் கொண்டுவர வைக்க வேண்டும். தரையில் கம்புகளைப் போட்டு மெதுவாகத் தாண்டி நடக்க வைக்க வேண்டும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 8 குதிரைகளுக்கு மூன்று மாதம் இதே மாதிரி கழுத்துப் பயிற்சி கொடுத்ததில், முதுகெலும்பை ஒட்டிய உள்தசை பருத்திருந்தது. இப்போது ஐந்தாவது மாதம். சேணத்தோடு போனால் அசையாமல் நிற்கிறாள்.

* * *

முதலில் மருத்துவரிடம் காட்டினீர்களே, அது எவ்வளவு நல்லது என்று எனக்குத் தெரியும். எங்களுடையது குட்டைக்கால் டேஷண்ட் நாய். ஒருநாள் பின்னங்கால் தள்ளாடியது. பிடிப்பு என்று நினைத்து நேராக முதுகைத் தட்டி எடுப்பவரிடம் கொண்டுபோக இருந்தேன். நல்லவேளை, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போன் செய்தேன். "கை வைக்க விடாதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்" என்றார். முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. இந்த இனத்துக்கு அடிக்கடி வருமாம். அந்த நிலையில் முதுகை அழுத்தியிருந்தால் கால் முழுவதும் விழுந்திருக்கலாம். மருந்தும், வாரக்கணக்கில் கூண்டுக்குள் ஓய்வும்தான் வைத்தியம். அப்புறம் கயிற்றில் பிடித்து ஐந்து நிமிட நடை, மெல்ல மெல்லப் பத்து. வழுக்கும் தரையில் விரிப்பு போட்டோம், சோபாவுக்குச் சரிவுப்பலகை வைத்தோம். இப்போது ஓடுகிறான். குதிக்க மட்டும் விடுவதில்லை.

ஒரு கேள்வி: அந்தக் கேரட் பயிற்சியை எப்போது செய்கிறீர்கள்?

* * *

பத்து நிமிடம் நடத்தி உடம்பு சூடான பிறகு. அவளாக எட்டுகிற தூரம் வரைதான், தலையைப் பிடித்து இழுப்பதில்லை. உங்கள் குட்டிப் பயலுக்கு என் அன்பு.