ப்ரீஸ்கூல் நேரத்துக்கும் சைல்ட்மைண்டருக்குக் காசா?

கேள்வி: இருப்பது இங்கிலாந்தில். 3 வயது மகள் காலை 9 முதல் 12 வரை ப்ரீஸ்கூலில். மற்ற நேரம் தன் வீட்டில் வைத்து அவளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டர், அந்த 3 மணி நேரத்துக்கும் முழுக் கட்டணம் கேட்கிறார். முறையா?

பதில் 1: ஒப்பந்தத்தில் இருந்தால் முறைதான். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஒரே நேரத்தில் பொதுவாக 3 பேர்தான் அவரிடம் இருக்கலாம். உங்கள் மகள் 12 மணிக்குத் திரும்பி வருவதால் அந்த இடத்தை இன்னொரு முழுநாள் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. கொண்டுபோய் விடுவதும், காய்ச்சல் என்று ப்ரீஸ்கூல் கூப்பிட்டால் ஓடுவதும் அவர்தானே?

பதில் 2: ஆனாலும் பாதிக் கட்டணம் கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்துக்கு வேறு பிள்ளையை எடுத்தால் உங்களிடம் வாங்கக் கூடாது என்றும் எழுதி வாங்குங்கள். ப்ரீஸ்கூலுக்கு அரசு காசு கொடுக்கும் இலவச நேரம் பெரும்பாலும் வருடத்தில் 38 வாரக் கணக்கு. ப்ரீஸ்கூல் இல்லாத மீதி வாரங்களில் காலையும் சைல்ட்மைண்டரே பார்ப்பாரா, என்ன கட்டணம்? சண்டை வருவதே இதில்தான்.