நேபாளத்துக் கரண்ட் டாக்காவுக்குப் போகிறது

குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள்
15 ஜூன் 2025, ஞாயிறு

6:41 முசாபர்பூர் மாமா: எல்லோருக்கும் காலை வணக்கம். இரவு ஷிப்ட் முடித்து இப்போதுதான் குவார்ட்டர்ஸ் வந்தேன். தூக்கமே வரவில்லை. நள்ளிரவிலிருந்து நேபாளத்து மின்சாரம் வங்கதேசத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டது. நேபாளம் எவ்வளவு தந்தது என்று கணக்குப் பார்க்கும் இடம் பீகாரில் இருக்கும் எங்கள் முசாபர்பூர் சப்ஸ்டேஷன்தான்.

6:43 அம்மா: ராத்திரி முழுக்க விழித்திருந்தாயா தம்பி? முதலில் ஏதாவது சாப்பிடு.

6:44 முசாபர்பூர் மாமா: சாப்பிட்டேன் அக்கா. இரண்டு ரொட்டி, உருளைக்கிழங்கு.

6:50 குட்டித் தம்பி: எவ்வளவு மாமா போகிறது?

6:50 முசாபர்பூர் மாமா: 40 மெகாவாட்.

6:51 குட்டித் தம்பி: அவ்வளவுதானா? ஆரல்வாய்மொழிக் காற்றாடிகள் இதைப் போலப் பல மடங்கு தருமே!

6:55 முசாபர்பூர் மாமா: ஆமாம்டா, அளவு சின்னதுதான். ஆனால் நம் பக்கத்தில் மூன்று நாடுகள் சேர்ந்து மின்சாரம் விற்று வாங்குவது இதற்கு முன் நடந்ததில்லை. போன நவம்பர் 15இல் தொடங்கி வைத்தார்கள், ஒரே நாள்தான் ஓடியது. ஒப்பந்தப்படி ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரைதான் விற்பனை. அதனால் முழுப் பருவமும் ஓடப்போவது இந்த ஆண்டுதான்.

6:58 அம்மா: அந்த இரண்டு நாடும் பக்கத்துப் பக்கத்திலா இருக்கின்றன?

7:04 முசாபர்பூர் மாமா: நடுவில் நம் சிலிகுரி நிலம் இருக்கிறது அக்கா. மிகக் குறுகலான இடத்தில் 22 கிலோமீட்டர் அகலம்தான். ஆனால் மின்சாரம் அந்தக் குறுக்கு வழியில் போகவில்லை. நேபாளத்தில் தல்கேபர் என்ற இடத்திலிருந்து 400 கே.வி. உயர் அழுத்த லைனில் முசாபர்பூர் வருகிறது. நம் கிரிட்டுக்குள், அதாவது நாடு முழுக்க இணைந்த மின்கம்பி வலைக்குள் கலந்து, மேற்கு வங்கத்தில் பஹரம்பூர் போய், அங்கிருந்து எல்லை தாண்டி வங்கதேசத்துப் பேராமாரா. நேபாளத்து கிரிட்டும் நம் கிரிட்டும் ஒரே தாளத்தில் ஒன்றாகவே சுற்றுகின்றன. வங்கதேசத்தினுடையது தனித் தாளம். அதனால் பேராமாராவில் திசை மாறி மாறி ஓடும் ஏசி கரண்டை ஒரே திசையில் ஓடும் டிசி ஆக்கி, மறுபடியும் ஏசி ஆக்கித்தான் உள்ளே விட வேண்டும்.

7:06 நான்: அப்படியென்றால் நேபாளத்து ஆற்றில் பிறந்த அதே கரண்ட்தான் டாக்காவில் விளக்கை எரிக்கிறதா மாமா?

7:09 முசாபர்பூர் மாமா: இல்லைம்மா. குளத்தில் இந்தக் கரையில் ஒருவர் ஒரு குடம் ஊற்றுகிறார், அந்தக் கரையில் இன்னொருவர் ஒரு குடம் மொண்டுகொள்கிறார். அதே தண்ணீரா என்று யாரும் பார்ப்பதில்லை, குடக் கணக்கு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கால் மணிக்கு ஒரு கணக்கு, ஒரு நாளைக்கு 96.

7:15 குட்டித் தம்பி: விலை என்ன?

7:16 முசாபர்பூர் மாமா: யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட். நம் காசில் ஏறக்குறைய ஐந்தரை ரூபாய். நம் லைனில் போவதற்கான கட்டணத்தையும் தரகையும் வங்கதேசம் தனியாகத் தருகிறது.

7:22 குட்டித் தம்பி: கணக்குப் போட்டேன். மணிக்கு 40,000 யூனிட், 2,560 டாலர். ஐந்து மாதத்துக்கு 92 லட்சம் டாலர் வருகிறது. நேபாளத்துக்கு நல்ல காசுதான்!

7:31 முசாபர்பூர் மாமா: நல்ல காசுதான். நான் பெரிதாக நினைப்பது வேறு. 2016க்கு முன்னால் காத்மாண்டுவில் குளிர்காலத்தில் ஒரு நாளைக்குப் பதினாறு, பதினெட்டு மணி நேரம் வரை கரண்ட் போய்விடும். இன்வெர்ட்டர் வாங்க முடியாதவர் வீட்டில் விளக்கே கிடையாது. அந்த நாடுதான் இன்று விற்கிறது. காரணம் ஆறு. அங்கே பெரும்பாலும் பெரிய அணை கட்டித் தண்ணீரைத் தேக்குவதில்லை. ஓடும் ஆற்றைத் திருப்பி டர்பைனில் விடுகிறார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது எடுக்காவிட்டால் அந்தத் தண்ணீர் சும்மா ஓடிவிடும். வங்கதேசத்துக்கோ இந்த வெக்கை மாதங்களில்தான் கரண்ட் அதிகம் வேண்டும். குளிர்காலத்தில் நேபாளத்து ஆறு வற்றும், அப்போது அவர்கள் நம்மிடம் வாங்குகிறார்கள். ஒருவர் வீட்டில் மிச்சமாகும் மாதத்தில் பக்கத்து வீட்டில் பஞ்சம். இத்தனை ஆண்டுகள் இதைச் சேர்த்து வைக்காமல் இருந்தோமே என்றுதான் எனக்கு வருத்தம்.

8:05 பெரியப்பா: எல்லாம் படித்தேன் மாப்பிள்ளை. ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. ஏப்ரலில் வங்கதேசம் தரைவழியாக நம் நூல் வருவதை நிறுத்தியது. மே மாதம் நாம் அவர்களுடைய ஆயத்த ஆடைகள் தரைவழியாக வரக்கூடாது என்றோம். நான் முப்பது வருடம் மில்லில் கணக்கு எழுதியவன். நூல் தேங்கினால் ஸ்பின்னிங்கில் நிற்கிறவனுக்கு ஷிப்ட் குறையும். நூலுக்கும் சட்டைக்கும் கதவைச் சாத்திவிட்டு கரண்டுக்கு மட்டும் எப்படிக் கதவு திறக்கிறது?

8:19 முசாபர்பூர் மாமா: நியாயமான கேள்வி அத்தான். சட்டைக்குத் தடை போட ஓர் அறிவிப்பு போதும், மறுநாளே லாரி நிற்கும். இது ஐந்து ஆண்டு ஒப்பந்தம், மூன்று நாட்டு நிறுவனங்களும் கையெழுத்துப் போட்டது. போன ஆண்டு ஜூலையில் முடிய வேண்டியது டாக்கா கலவரத்தில் தள்ளிப்போனது. ஆகஸ்டில் ஹசீனா ஆட்சியே போய்விட்டது. இனி அவ்வளவுதான் என்று நினைத்தோம். ஆனால் அக்டோபர் 3இல் இடைக்கால அரசின் ஆட்கள் காத்மாண்டுவுக்கு வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஆட்சி மாறியும் நின்றது என்பதால்தான் இதில் எனக்கு நம்பிக்கை.

8:24 பெரியப்பா: இதையெல்லாம் செய்யத்தானே சார்க் என்று ஒன்று வைத்தார்கள்?

8:33 முசாபர்பூர் மாமா: ஆமாம், தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு, 1985 டிசம்பரில் டாக்காவில்தான் தொடங்கினார்கள். எட்டு நாடும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும். 2014 காத்மாண்டு மாநாட்டில் மின்சார ஒப்பந்தம் கையெழுத்தானது, வண்டிகள் எல்லை தாண்டும் ஒப்பந்தம் பாகிஸ்தான் தயங்கியதால் நின்றது. 2016இல் இஸ்லாமாபாத் மாநாடு நடக்கவில்லை, அதற்கப்புறம் ஒரு மாநாடும் இல்லை. எட்டுப் பேரும் வரும்வரை காத்திருக்காமல், முடிகிற மூன்று பேர் தொடங்குவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. பூடானோடு நாம் அப்படித்தான் தொடங்கினோம். சுக்கா மின் நிலையம், 336 மெகாவாட், 60 சதவீதம் மானியம், 40 சதவீதம் கடன். அவர்களுக்குப் போக மிச்சத்தை நாம் வாங்கினோம். பூடானுக்கு அது வாழ்வு.

8:40 நான்: ஆனால் நடுவில் நாம் இருக்கிறோம் மாமா. நாம் வேண்டாம் என்றால் நேபாளம் யாருக்கு விற்கும்?

8:46 முசாபர்பூர் மாமா: அதுதான் உண்மை. நம் வழியாக மூன்றாவது நாட்டுக்கு விற்கலாம் என்று நம் விதியே 2018இல்தான் மாறியது. இன்னமும் சீன முதலீடு உள்ள நிலையத்தின் கரண்டை நாம் எடுப்பதில்லை. நேபாளத்தவருக்கு அதில் வருத்தம் உண்டு. என்னோடு பேசும் அந்த ஊர் இன்ஜினியர்கள் மரியாதையாகத்தான் சொல்வார்கள், ஆனால் சொல்லாமல் விடமாட்டார்கள். பெரிய வீட்டுக்காரன் வாசலை அகலமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

9:10 கொழும்புச் சித்தி: இப்போதுதான் பார்த்தேன். 2022இல் இங்கே பதின்மூன்று மணி நேரம் கட் இருந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். டீசல் வாங்க நாட்டில் டாலர் இல்லை. இந்த பிப்ரவரியில் பாணந்துறை சப்ஸ்டேஷனில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்க இருட்டாகிவிட்டது. தம்பி, மதுரையிலிருந்து இங்கே கேபிள் வரும் என்று பல வருடமாகச் சொல்கிறார்களே?

9:22 முசாபர்பூர் மாமா: ஏப்ரலில் நம் பிரதமர் கொழும்பு வந்தபோது அதற்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள் அக்கா. இன்னும் ஒரு கம்பம்கூட நடவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், நேபாளம் மாதிரி இது எளிதில் பொருந்தாது. மன்னாரில் காற்று அடிக்கும் மாதங்களில்தான் ஆரல்வாய்மொழியிலும் அடிக்கும். இருவரிடமும் ஒரே நேரத்தில் மிச்சம் இருக்கும். அப்போது உங்கள் காற்று மின்சாரம் வட இந்தியா வரை போக வேண்டும், அதற்கு லைன் வேண்டும். ஆனால் தீவு தனி கிரிட்டாக இருப்பதால்தான் ஒரு சப்ஸ்டேஷன் விழுந்தால் எல்லாம் விழுகிறது. அந்த நேரத்தில் கை கொடுக்க ஒரு கேபிள் இருந்தால் எவ்வளவு நல்லது! அதற்காகவே போட வேண்டும்.

9:25 கொழும்புச் சித்தி: போடட்டும். நம் மதுரையிலிருந்து வருகிறது என்றால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

9:31 பெரியப்பா: மாப்பிள்ளை, இந்த 40 என்பது கூடுமா?

9:34 முசாபர்பூர் மாமா: கூட்டச் சொல்லி இரண்டு பேரும் கேட்கிறார்கள் அத்தான். பேராமாரா வழியில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த நிலையம் 1,000 மெகாவாட்தான், அதில் நாம் விற்பதும் போகிறது. நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் தனி லைன் வேண்டும் என்ற பேச்சும் இருக்கிறது. அது நம் நிலத்தில்தான் போக முடியும்.

9:36 அம்மா: மணி ஒன்பதரை ஆகிவிட்டது. போனை வைத்துவிட்டுப் படு தம்பி.

9:37 முசாபர்பூர் மாமா: சரி அக்கா. இன்று இரவும் டூட்டி. 96 கணக்கும் சரியாக வந்ததா என்று நாளைக்குச் சொல்கிறேன்.