60,000 ரூபாய்க்குள் கேமிங் கணினி: இரண்டு கொட்டேஷன்களில் எதை எடுப்பது?

மேலூர்க்காரன் கேட்கிறார்:

வணக்கம். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தம்பிக்கு ஒரு கணினி அசெம்பிள் செய்து தர நினைக்கிறோம். வேலொரண்ட், ஜிடிஏ 5 இரண்டும் தடங்கலின்றி ஓட வேண்டும், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளும் பழகிக்கொண்டிருக்கிறான். 1080பி மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகியவை வீட்டிலேயே இருப்பதால், கேபினெட்டும் அதற்குள் வரும் பொருட்களும் மட்டும் 60,000 ரூபாய்க்குள் அடங்கினால் போதும்.

மதுரையில் இரண்டு கடைகளில் விசாரித்தோம். முதல் கடையில் ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு என்று சொல்லி 28,000 ரூபாய் கேட்டார்கள். எழுதித் தந்த தாளைப் பார்த்தால் ஐ7-3770, எச்61 மதர்போர்டு, ஜிடி 730 என்று இருக்கிறது. இரண்டாவது கடையின் கொட்டேஷன் 58,500 ரூபாய்: ஐ5-12400எஃப், எச்610 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 1 டிபி எஸ்எஸ்டி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் வண்ண விளக்குகளும் வைத்த கேபினெட், அதனுடனேயே வரும் 500 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). ஐ7 அங்கே பாதி விலைக்குக் கிடைக்கும்போது ஐ5க்கு எதற்கு இவ்வளவு பணம் என்று அப்பா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? கணினி வைக்கப்போவது மாடி அறையில். வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு.

சிம்மக்கல் அசெம்பிளர்:

அப்பாவின் கேள்வி நியாயமானதுதான், ஏனென்றால் அந்தப் பெயரை வைத்தே விற்கிறார்கள். ஐ7 என்பது அந்தந்தத் தலைமுறைக்குள் ஒரு பிராசசரின் இடத்தை மட்டுமே காட்டும். எந்தத் தலைமுறை என்பதை அதன்பின் வரும் எண்தான் சொல்லும். 3770 மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது, 2012இல் வந்தது. 12400எஃப் பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது. அதே தலைமுறையின் ஐ3-12100எஃப் கூட அந்தப் பழைய ஐ7ஐ எளிதாக முந்திவிடும். ஜிடி 730 கார்டோ 2014இல், அதுவும் மிகக் குறைந்த விலைப் பிரிவில் வந்தது. அதில் 4 ஜிபி நினைவகம் இருந்தாலும், அதைப் பயன்படுத்தும் அளவுக்கு அந்தச் சிப்புக்கு வலு கிடையாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. குறுக்கு வழியில் அதை ஏற்றிவிட்டாலும், விண்டோஸ் 11இல் வேலொரண்ட் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி) இரண்டையும் கேட்கும். எச்61 போர்டில் அந்த டிபிஎம் இல்லை. ஆகவே முதல் கொட்டேஷனை மறந்துவிடுங்கள்.

இரண்டாவதில் பிராசசரும் மதர்போர்டும் சரி. ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசசருடன் பி450 போர்டு அதைவிட மலிவாகக் கிடைத்தால் அதையும் எடுக்கலாம். விளையாட்டில் பெரிய வேறுபாடு தெரியாது. மாற்ற வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்பனையில் உள்ளன. 2022இல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்). 2024இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள்தான், நினைவகப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறுகிவிட்டது. விளையாட்டுதான் முதன்மை என்றால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி இரண்டையும் விட வேகமானது. அதற்குப் பணம் பற்றாவிட்டால் எஸ்எஸ்டியை 500 ஜிபியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜிடிஏ 5 ஒன்றே நூறு ஜிபிக்கும் மேல் இடம் பிடிக்கும் என்பதால் ஆரம்பத்தில் சற்று நெருக்கடியாகத்தான் இருக்கும். ஆனால் எஸ்எஸ்டி பின்னால் சேர்க்கக்கூடிய பொருள். கார்டை மாற்ற வேண்டுமென்றால் பழையதை நட்டத்துக்கு விற்க வேண்டும்.

16 ஜிபி ரேமை இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளாகக் கேளுங்கள். ஒற்றை ஸ்டிக் போட்டால் ஒரே சேனலில், அதாவது ஒரே பாதையில்தான் ஓடும். விளையாட்டின் நடுவே படம் திடீரென்று திக்கித் திக்கி நகர்வதற்கு அதுவும் ஒரு காரணம். 2025இன் இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடப்பதால், கடைக்காரர் கையில் இருக்கும் ஒற்றை ஸ்டிக்கைத் தள்ளிவிடத்தான் பார்ப்பார்.

வைகைக்கரை:

மேலே சொன்ன அனைத்தும் சரி. ஆனால் அந்தக் கொட்டேஷனில் என்னைப் பயமுறுத்துவது கேபினெட்டுடன் வரும் எஸ்எம்பிஎஸ்தான். பெட்டியின் மேல் 500 வாட் என்று அச்சடித்திருக்கும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதை 12ஆல் பெருக்கினால், கணினிக்கு உண்மையில் கிடைக்கப்போவது எவ்வளவு என்பது விளங்கிவிடும். 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 216 வாட்தான். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட் வரை இழுக்கும், பிராசசருக்கு 65 வாட்டும் அதற்கு மேலும் போகும். அது தாங்காமல் வெடித்தால் மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போகக்கூடும். தெரிந்த நிறுவனத்தின் 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற மின்திறன் சான்று பெற்ற 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். பேரம் பேசும்போது இதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிறது என்றீர்கள். அது சைன் வேவா (வீட்டு மின்சாரம் போலச் சீராக ஏறி இறங்கும் அலை), ஸ்கொயர் வேவா (சட்டென்று தாவும் சதுர அலை) என்று பாருங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் பெரும்பாலும் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தை இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சுற்று) இருக்கும். அவற்றில் சில, ஸ்கொயர் வேவ் மின்சாரத்தில் ஓட மறுத்துச் சட்டென்று அணைந்துவிடும். சைன் வேவாகவே இருந்தாலும், பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ், எக்கோ என்று இரு நிலைகளுக்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. மின்சாரம் நின்றபின் எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரில் தேங்கிய மின்னாற்றலைக் கொண்டு ஏறத்தாழ 16 மில்லி விநாடிதான் சமாளிக்கும். யூபிஎஸ் நிலையில் இன்வெர்ட்டர் அதற்குள் மாறிக்கொள்ளும்; எக்கோ நிலையில் தாமதமாகி, ஒவ்வொரு மின்தடையின்போதும் கணினி ரீஸ்டார்ட் ஆகும். அந்த ஸ்விட்சைத் தள்ளிவைத்தாலே தீரும் பிரச்சினைக்குத் தனி யூபிஎஸ் வாங்கியவர்கள் இங்கே நிறையப் பேர்.

எர்த்தையும் சோதித்துவிடுங்கள். கேபினெட்டின் பின்புறத் திருகில் புறங்கை படும்போது சுருக்கென்று ஒரு குறுகுறுப்புத் தெரிந்தால், மூன்றாவது பின்னுக்கு எர்த் ஒயர் வரவில்லை என்று பொருள். முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்யுங்கள், பிறகு கணினியை இணைக்கலாம்.

மேலூர்க்காரன்:

மிக்க நன்றி ஐயா. இன்வெர்ட்டர் சைன் வேவ்தான். ஸ்விட்ச் எக்கோவில் இருந்தது, மாற்றிவிட்டேன். பிளெண்டருக்கு என்விடியா கார்டுதான் நல்லது என்று தம்பியின் நண்பர்கள் சொல்கிறார்களாம். ஆர்எக்ஸ் 6600 எடுத்தால் அதில் இடறுமா? கண்ணாடிக் கேபினெட்டை விட அவனுக்கு மனமில்லை.

ஒத்தக்கடை வாசகர்:

தம்பியின் நண்பர்கள் சொல்வதில் உண்மை உண்டு. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரிங் (3டி காட்சியை இறுதிப் படமாக்கும் வேலை), என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் ஆப்டிக்ஸ் என்ற அவர்களுடைய மென்பொருள் வழியாக நன்றாக வேகமெடுக்கும். ஆர்எக்ஸ் 6600 போன்ற ஏஎம்டி கார்டிலும் எச்ஐபி என்ற ஏஎம்டியின் மென்பொருள் வழியாக ஓடும். ஆனால் அதே விலைப் பிரிவில் அந்த வேலைக்கு என்விடியாவே முந்தும். பழகும் நிலையில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு காத்திருக்கும் நேரத்தில் மட்டுமே தெரியும், வேலை நின்றுவிடாது. ஆகவே நானும் ஆர்எக்ஸ் 6600 பக்கம்தான். பிளெண்டரே பிழைப்பாகப்போகிறது என்றால் மட்டும் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியைத் தேடலாம். அது செகண்ட் ஹேண்டில் வந்தால், வாரண்டி மிச்சமிருக்கிறதா என்று சீரியல் எண்ணை வைத்துப் பார்த்து, கண்ணெதிரே அரை மணி நேரமாவது விளையாட்டை ஓடவிட்டு வாங்க வேண்டும். 2022 செப்டம்பர் வரை எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங்கில் இரவு பகலாக உழைத்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

கண்ணாடி விஷயத்தில் தம்பியிடம் சற்றுக் கடுமையாகவே பேசுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மதுரைப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும். வெயிலில் காய்ந்த தளத்துக்குக் கீழே மாடி அறை எப்படியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த கேபினெட்டில் காற்று ஓரத்து இடுக்கு வழியாகத்தான் நுழைய வேண்டும். முன்பக்கம் வலை வைத்து, பக்கவாட்டில் கண்ணாடி போட்ட கேபினெட்டுகளும் கிடைக்கின்றன. விளக்குகளை அதன் வழியாகப் பார்த்துக்கொள்ளட்டும். கிரானைட் குவாரிகள் நிறைந்த உங்கள் பக்கத்தில் கல்தூசி அதிகமிருக்கும் என்பதால், கழற்றித் தட்டக்கூடிய டஸ்ட் ஃபில்டர் இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் மலிவு என்று யாராவது சொல்வார்கள். சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் ஒரு பொருள் கெட்டால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வைகை எக்ஸ்பிரசில் ஏற வேண்டும். மதுரையிலேயே வாங்கி, 18 சதவீத ஜிஎஸ்டியோடு, ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் எழுதிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சிம்மக்கல் அசெம்பிளர்:

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியவை இரண்டு. பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) இயக்குங்கள். இல்லாவிட்டால் 3200 என்று விற்ற ரேம் 2400இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கக்கூடும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல், அதற்குக் கீழே கிடைமட்டமாக இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டில் செருகுங்கள். 12400எஃப், 5600 இரண்டிலுமே உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதால், மதர்போர்டில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். புதுக் கணினி ஓடவில்லை என்று எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான்.