புதுப்பிப்பு: பெட்ரோல் கக்கிய படகு, குற்றவாளி காற்றுக்குழாய்

பினாங்கின் தெலுக் பஹாங்கில் கட்டியிருக்கும் ஃபைபர் படகில் பெட்ரோல் ஊற்றினால் பாதி டாங்கியிலேயே வாய்வழி தெறிக்கிறது, பக்கவாட்டில் மஞ்சள் கறை படிகிறது என்று எழுதியிருந்தேன். இரண்டும் தீர்ந்தன.

பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும். அதற்கான 16 மி.மீ. குழாய் நடுவில் தொய்ந்து, அந்தப் பள்ளத்தில் பெட்ரோல் தேங்கி வழியை அடைத்திருந்தது. வெளிமுனை வலையில் குளவி அப்பிய மண் வேறு. சந்தேகம் என்றால் டாங்கி முனையைக் கழற்றிவிட்டுக் கைப்பம்பால் ஊதிப் பாருங்கள்; வாயால் வேண்டவே வேண்டாம். புதுக் குழாய் எங்கும் தொய்யாமல், வெளிமுனை வரை ஒரே ஏற்றமாகப் போகிறது. ஐஎஸ்ஓ 7840 (படகு எரிபொருள் குழாய்க்கான உலகத் தரம்) என்று அச்சிட்ட குழாய்தான் வாங்க வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் குழாய் பெட்ரோலில் விறைத்து விரிசல் விட்டுவிடும்.

கறைக்கு முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும். மிஞ்சிய மஞ்சளுக்கு ஆக்ஸாலிக் அமிலக் களிம்பு, கையுறையோடு. காயவிடாமல் கழுவி, மெழுகு பூசுங்கள். அந்த அமிலத்தோடு குளோராக்ஸ் போன்ற பிளீச் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

வேலையின்போது கழற்றியிருந்தால், ஊற்றும் வாயிலிருந்து டாங்கிக்குப் போகும் எர்த் வயரை (நிலைமின் பொறியைத் தடுக்கும் கம்பி) திரும்ப மாட்டுங்கள். கழுத்து வரை நிரப்பாதீர்கள், நம் வெயிலில் பெட்ரோல் விரிந்து வெளியே வழியும்.