முதல் ஆளாக முடித்துவிட்டு “அடுத்து என்ன டீச்சர்?” என்று நிற்கும் பிள்ளைக்கு

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (மேல் நிலை) என்று பிரித்து உட்கார வைக்கிறோம். அரும்பை மொட்டுக்குக் கொண்டுவருவது எப்படி என்று பயிற்சிக்குப் பயிற்சி பேசுகிறோம். மலரையும் தாண்டி நிற்கும் பிள்ளையைப் பற்றி அவ்வளவாகப் பேச்சே வருவதில்லை. அது பயிற்சி நூலின் பக்கத்தை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் பென்சில் சீவும், பக்கத்துப் பிள்ளையைச் சீண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் எது பலித்தது, எது கெட்டது என்று விவரமாக எழுதுங்கள்.

நாலும் அஞ்சும் சேர்த்து எடுக்கும் சார்:
முதலில், அதே மாதிரிக் கணக்கு இன்னும் பத்துக் கொடுக்காதீர்கள் டீச்சர். சீக்கிரம் முடித்தால் தண்டனை என்று பிள்ளைக்கு ரெண்டே நாளில் புரிந்துவிடும். மூன்றாம் நாள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்யும்.

பலிப்பது இது. பயிற்சியில் 12 கணக்கு இருந்தால், அதில் கடினமான 5ஐ முன்கூட்டியே வட்டம் போட்டு வையுங்கள். “இந்த அஞ்சையும் முதலில் போடலாம். யாரையும் கேட்கக் கூடாது, 15 நிமிஷம். நாலு சரியாக இருந்தால் மற்ற ஏழும் வேண்டாம்” என்று வகுப்பு முழுவதுக்கும் சொல்லுங்கள். கெட்டிக்காரப் பிள்ளை என்று நாம் நினைப்பவர்களுக்கு மட்டும் சொன்னால் காரியம் கெட்டுவிடும். கடைசி வரிசையில் பேசாமல் இருக்கும் பெண் பிள்ளை ஒன்று அஞ்சும் சரியாகப் போட்டு எழுந்து வருவது இப்படித்தான் தெரியவரும். மூன்றுதான் சரி என்றால் முதல் கணக்கிலிருந்து போட வேண்டும், பேரம் கிடையாது.

போடாமல் விட்ட ஏழு கணக்குக்கு நேரே தேதி போட்டு, “கடின 5 முடித்தார்” என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் நோட்டைப் பார்க்க வரும் அலுவலரும் பெற்றோரும் காலிப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

கணக்குக் கருத்தாளர்:
சார் சொன்னபடி மிச்சமாகும் 20 நிமிஷத்துக்கு வேலை வேண்டுமே. கழித்தல் மட்டும் தெரிந்த நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு 6174 என்ற எண் விளையாட்டே போதும். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேக்கர் 1949இல் கண்டது.

நாலு இலக்க எண் ஒன்று. நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இறங்கு வரிசையில் அடுக்கியதிலிருந்து ஏறு வரிசையில் அடுக்கியதைக் கழிக்க வேண்டும். 3524 என்றால் 5432 – 2345 = 3087. அடுத்து 8730 – 0378 = 8352. பிறகு 8532 – 2358 = 6174. அதற்கு மேல் எண் நகராது. எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு படி.

தவறு நடக்கும் இடம் ஒன்றே ஒன்று, பூஜ்யம். 2111 – 1112 போட்டால் 999 வரும். பிள்ளை அதை மூன்று இலக்கமாகவே வைத்து 999 – 999 = 0 என்று நிறுத்திவிடும். 0999 என்று எழுதினால் 9990 – 0999 = 8991 என்று மேலே போகும். இதை முன்னாலேயே சொல்லாதீர்கள். “உனக்கு ஏன் பூஜ்யம் வந்தது, அவளுக்கு ஏன் வரவில்லை?” என்று ரெண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இடமதிப்பை அதைவிட நன்றாக எந்தப் பாடமும் சொல்லிக்கொடுக்காது.

முடித்தவர்கள் மூன்று இலக்கத்தில் பார்க்கட்டும், 495இல் நிற்கும். ரெண்டு இலக்கத்தில் நிற்கவே நிற்காது: 09, 81, 63, 27, 45, மறுபடி 09 என்று சுற்றும். நிற்கவில்லையே என்று பிள்ளை ஓடிவரும் அந்த நேரத்துக்காகத்தான் இத்தனையும்.

ஈராசிரியர் பள்ளி டீச்சர்:
காகிதம்கூட வேண்டாம், தரையும் சாக்பீஸும் போதும். கோலத்துக்கு வைப்பதுபோல் 5 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி வைக்கச் சொல்லுங்கள். 1, 3, 5, 3, 1 ஆக மொத்தம் 13. நடுவில் 7 வைத்தால் 25. 9 வைத்தால் எத்தனை என்று வைக்காமலே சொல்ல முடியுமா? பிள்ளைகள் கூட்டித்தான் பார்ப்பார்கள். அப்போது வண்ண சாக்பீஸைக் கொடுத்து, முனைப் புள்ளியில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்றுக்கு நிறம் போடச் சொல்லுங்கள். 13க்குள் சாய்ந்த சதுரம் ரெண்டு தெரியும்: ஒன்றில் 9, இன்னொன்றில் 4. இருபத்தைந்தில் 16, 9. பிறகு 41ஐப் பிள்ளையே சொல்லும்.

இடுக்குப்புள்ளி, அதாவது ரெண்டு புள்ளிக்கு இடையில் அடுத்த வரிசைப் புள்ளி வைப்பது, வேறு கதை. 5 புள்ளி, 3 வரை என்றால் 19. 7 புள்ளி, 4 வரை என்றால் 37. ஒற்றைப் புள்ளியில் தொடங்கினால் 1, 7, 19, 37 என்று போகும், இடைவெளி 6, 12, 18 என்று வளரும். கோலம் போடத் தெரிந்த பிள்ளை இதில் முந்திவிடும். கணக்கில் மந்தம் என்று நாம் நினைத்த பிள்ளையாகவும் அது இருக்கும்.

தலைமையாசிரியர்:
ஒரு எச்சரிக்கை. முடித்த பிள்ளையைச் சட்டாம்பிள்ளை ஆக்கி நோட்டுத் திருத்த விடுவது நம் பழைய பழக்கம். பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது திண்ணைப் பள்ளிக்கூடச் சொத்துதான். சென்னையில் அதைக் கண்ட ஆண்ட்ரூ பெல் 1797இல் இங்கிலாந்தில் அதை நூலாக்கினார், ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் வந்தது. ஆனால் அங்கே அதற்குக் காரணம் ஆசிரியர் பற்றாக்குறை. இங்கே அந்தப் பிள்ளையும் படிக்க வந்த பிள்ளை. வாரத்துக்கு ரெண்டு முறை, பத்துப் பத்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். அப்போதும் “விடையைச் சொல்லாதே, ஒரு கேள்வி மட்டும் கேள்” என்று சொல்லி அனுப்புங்கள். கெட்டிக்காரப் பிள்ளை மனசுக்குள்ளேயே படிகளைத் தாண்டிவிடும், எதிரே இருப்பவருக்கு எது புரியவில்லை என்று அதற்குத் தெரியாது.

மேல் வகுப்புக் கணக்குக்கு அனுப்புவது நல்லது. மூன்றுக்கும் நாலுக்கும் கணக்குப் பாடவேளை ஒரே நேரத்தில் இருக்கும்படி கால அட்டவணையை ஜூனிலேயே போட்டால்தான் நடக்கும்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
நன்றி சார். இன்னொன்றும் கேட்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளை ஒரு கணக்குத் தப்பானால் பக்கத்தையே கிழித்துவிடுகிறதே?

சிறப்புப் பயிற்றுநர்:
இதுவரை எதிலும் தடுக்கி விழாத பிள்ளை அது, டீச்சர். எல்லாரும் “நீ அறிவாளி” என்றே சொல்லி வளர்த்திருப்பார்கள். க்ளாடியா ம்யூலர், கரோல் ட்வெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்தார்கள். அறிவுக்காகப் புகழப்பட்ட பிள்ளைகள், கடினமான புதிர்களில் தோற்றபின் அடுத்து வந்த எளிய புதிர்களிலும் சறுக்கினார்கள். முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் விடாமல் போட்டார்கள். ஆகவே “கெட்டிக்காரி” என்பதை விட்டுவிட்டு, “மூன்றாவது வழியும் போட்டுப் பார்த்தாயே” என்று செய்ததைச் சொல்லுங்கள்.

கோடு போடாத நோட்டு ஒன்று தனியாகக் கொடுங்கள். அதில் மதிப்பெண் கிடையாது, ரப்பர் கிடையாது. தப்பானதை ஒரே கோட்டால் அடித்துவிட்டு அடுத்த வரியில் தொடர வேண்டும். வாரம் ஒரு கணக்கு, ஒரே நாளில் முடியாததாகப் பார்த்துக் கொடுங்கள். திங்களன்று கொடுத்தால் வெள்ளி வரை விடை கேட்காதீர்கள், எவ்வளவு தூரம் வந்தது என்று மட்டும் கேளுங்கள்.

வாயால் எல்லாம் சொல்லி, எழுதச் சொன்னால் அழும் பிள்ளை வேறு. அதற்கு எழுத்தில் சிக்கல் இருக்கலாம். மூன்று நிமிஷம் தனியாக உட்கார வைத்து, வாய்வழியாகவே கேட்டுப் பாருங்கள். வாயால் சரி, நோட்டில் தப்பு என்று தொடர்ந்து வந்தால் வட்டார வள மையத்துக்குச் சொல்லுங்கள். அதுவரை விடையை நீங்கள் எழுதுங்கள், கணக்கை அது போடட்டும்.